சிலிக்கான் கொடுத்ததும் சிலிக்கான் எடுத்ததும்

உங்க காலேஜ் மொட்டைமாடியில சோலார் பேனல் இருந்தா, ஒருநாள் ஏறிப்போய்க் கிட்டத்துல பாருங்க. கண்ணாடிக்கு அடியில் நீலமாகவோ கறுப்பாகவோ சதுரம் சதுரமாக அடுக்கி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு சதுரமும் ஒரு சிலிக்கான் தகடு. தடிமன் எவ்வளவு தெரியுமா? நம்ம தலைமுடி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இந்தத் தகட்டின் இயற்பியலைக் கரைத்துக் குடித்த ஒருவர், 2001-ல் அதை வைத்துத் தொழில் தொடங்கினார். ஐந்தே வருடத்தில் சீனாவின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர் ஆனார். பத்து வருடத்தில் அவருடைய கம்பெனி உலகிலேயே அதிகமாக சோலார் பேனல் தயாரிக்கும் நிறுவனம் ஆனது. பன்னிரண்டாவது வருடம் திவாலானது.

அவர் பெயர் ஷி ஜெங்ராங். கம்பெனியின் பெயர் சன்டெக்.

தமிழில் 'பொருள்' என்ற ஒரே சொல்லுக்கு மெட்டீரியல் என்றும் அர்த்தம், பணம் என்றும் அர்த்தம். ஷி முதல் பொருளை நன்றாக அறிந்தவர். இரண்டாவது பொருள் அவர் கைக்கு வந்ததும் போனதும் ஒரே சரக்கால்தான்: சிலிக்கான். மெட்டீரியல்ஸ், இயற்பியல், எலக்ட்ரிக்கல் என்று எதைப் படித்துக்கொண்டே "ஒருநாள் நானும் ஸ்டார்ட்-அப் ஆரம்பிப்பேன்" என்று நினைப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

ஆற்றுத் தீவிலிருந்து சிட்னிக்கு

ஷி 1963-ல் யாங்சி ஆற்றின் நடுவே இருக்கும் யாங்ஜோங் என்ற தீவில் பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம். இரட்டைக் குழந்தைகளில் இவர் இளையவர். இரண்டு பேரையும் வளர்க்க வழியில்லாத பெற்றோர், குழந்தையை இழந்திருந்த ஷி குடும்பத்துக்கு இவரைத் தத்துக் கொடுத்தார்கள்.

படிப்பில் கெட்டி. 16 வயதிலேயே கல்லூரிக்குப் போனார். சாங்சுன் நகரில் ஒளியியல் படித்து 1983-ல் பட்டம் பெற்றார். பிறகு ஷாங்காயில் சீன அறிவியல் கழகத்தின் ஒளியியல் நிறுவனத்தில் 1986-ல் முதுகலை. அதுவரை அவருடைய துறை ஒளியும் லேசரும்தான். சோலார் செல் பக்கமே வரவில்லை.

1988-ல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வருகை ஆய்வாளராகப் போனார். அங்கே பேராசிரியர் மார்ட்டின் கிரீன் நடத்திய சோலார் ஆய்வகம் இருந்தது. ஷி அவரைப் போய்ப் பார்த்தது முனைவர் பட்டம் செய்யும் எண்ணத்தில் இல்லை. பகுதிநேர வேலை கிடைக்குமா என்று கேட்கப் போனார். கிரீன் வேலை கொடுக்கவில்லை, பதிலாக உதவித்தொகையோடு முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கொடுத்தார். 1992-ல் ஷி டாக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார்.

ஆய்வகத்தில் இருந்த கேள்வி

இங்கே கொஞ்சம் இயற்பியல் பேசியாக வேண்டும். பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி, நம்ம புத்தகத்தில் 'பேண்ட் கேப்' என்று வருமே அது, 1.12 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியை மின்சாரமாக்க ஏற்ற அளவுதான். ஆனால் சிலிக்கானுக்கு ஒரு குறை உண்டு. அது 'இன்டைரக்ட்' வகை. அதாவது எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏற ஒளித்துகள் கொடுக்கும் ஆற்றல் மட்டும் போதாது. படிகத்தின் அதிர்விலிருந்து ஒரு சின்னத் தள்ளும் சேர்ந்து வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அமைவது அபூர்வம். அதனால் ஒளி சிலிக்கானுக்குள் ரொம்ப தூரம் போன பிறகுதான் உறிஞ்சப்படுகிறது.

காலியம் ஆர்சனைடு போன்ற 'டைரக்ட்' வகைப் பொருளுக்குச் சில மைக்ரான் தடிமன் போதும். சிலிக்கானுக்கு நூறு, இருநூறு மைக்ரான் தேவைப்படுகிறது. அன்றைய தகடுகள் 300 மைக்ரான் வரை இருந்தன.

தடிமன் அதிகம் என்றால் செலவு அதிகம். அதுவும் ஏதோ ஒரு சிலிக்கான் இல்லை, படுசுத்தமான சிலிக்கான். அதைக் கட்டியாக வளர்த்து, கம்பியால் சீவித் தகடு எடுக்கும்போது கிட்டத்தட்ட பாதி தூளாகவே போய்விடும். மரம் அறுக்கும்போது மரத்தூள் விழுவதுபோல. ஆனால் இந்தத் தூளுக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமில்லை.

ஆகவே ஆய்வாளர்களின் கேள்வி இது: தகடு சீவுவதையே விட்டுவிட்டு, ஒரு கண்ணாடிமேல் சில மைக்ரான் சிலிக்கானை மட்டும் படிய வைத்தால்? மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி ஒளியை உள்ளேயே பலமுறை எதிரொளிக்கச் செய்தால், மெல்லிய படலத்திலேயே வேலை முடியாதா? இதுதான் மெல்படல சிலிக்கான். ஷியின் ஆய்வு இதில்தான். 1995-ல் இதே யோசனையை வணிகமாக்க பல்கலைக்கழகத்திலிருந்து பசிபிக் சோலார் என்ற நிறுவனம் கிளைத்தபோது, ஷி அதன் ஆராய்ச்சிப் பொறுப்பாளர்களில் ஒருவரானார்.

'சிலிக்கான் அரிது, சிலிக்கான் விலை அதிகம், அதைக் குறைவாகச் செலவழி.' இந்தப் பாடம் அங்கே அவருக்குள் ஆழமாகப் பதிந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வருவோம்.

சொந்த ஆராய்ச்சியை ஓரம் கட்டிய துணிச்சல்

ஆஸ்திரேலியக் குடியுரிமை, நல்ல வேலை, குடும்பம். வாழ்க்கை செட்டில் ஆகிவிட்டது. ஆனாலும் 2000-ஐ ஒட்டி ஷி சீனாவுக்குத் திரும்ப முடிவெடுத்தார். ஷாங்காயிலிருந்து அதிக தூரமில்லாத வூஷி நகரின் அரசு அவருக்கு ஆதரவு கொடுத்தது. அரசுசார் நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 60 லட்சம் டாலர் போட்டன. ஷி தன் கைப்பணம் கொஞ்சமும் தொழில்நுட்பமும் கொடுத்து 25 சதவீதப் பங்கு எடுத்துக்கொண்டார். 2001-ல் சன்டெக் பிறந்தது.

இப்போ ஒரு கேள்வி. பத்து வருடம் மெல்படல சிலிக்கானில் ஆராய்ச்சி செய்த ஒருவர் கம்பெனி தொடங்கினால் என்ன தயாரிப்பார்? மெல்படல சிலிக்கான் என்றுதானே சொல்வீங்க?

இல்லை. அவர் தேர்ந்தெடுத்தது, எல்லோரும் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த சாதாரணப் படிகத் தகடு செல். ஸ்கிரீன் பிரின்டிங் முறையில் வெள்ளிப் பசையால் கோடு போட்டு, அடுப்பில் சுட்டு எடுக்கும் பழைய முறை. ஆய்வுக் கட்டுரை போட அதில் புதுசாக ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், அவருடைய முழு வாழ்க்கையிலும் மிகச் சிறந்த முடிவு இதுதான். மெல்படலம் இன்னும் ஆய்வகத்தை விட்டு வெளியே வரவில்லை என்பது அந்த ஆய்வகத்தில் இருந்தவருக்கு நன்றாகவே தெரியும். 60 லட்சம் டாலர் ஒரு ஆராய்ச்சிக்குக்கூடப் பற்றாது. கையில் இருக்கும் பணத்தில், இன்றைக்கு விற்கக்கூடிய பொருளை, மற்றவர்களைவிடக் குறைந்த விலையில் செய்ய முடியுமா என்று மட்டும் பார்த்தார்.

விலையை எப்படிக் குறைத்தார்? ஜப்பானிலும் ஜெர்மனியிலும் தானியங்கி இயந்திரம் செய்யும் வேலைகளில் பலவற்றை வூஷியில் ஆட்களின் கைகளுக்குக் கொடுத்தார். எல்லா இயந்திரத்தையும் புதிதாக வாங்கவில்லை, பழையது கிடைத்த இடத்தில் பழையதே போதும் என்று எடுத்துக்கொண்டார். எந்த இயந்திரம் உயர்தரமாக இருந்தே ஆகவேண்டும், எதில் சமாளித்துக்கொள்ளலாம் என்று பிரித்துப் பார்க்க ஒரு இயற்பியலாளரால்தான் முடியும். அவருடைய படிப்பு உண்மையிலேயே சோறு போட்ட இடம் இது.

2002 செப்டம்பரில் முதல் உற்பத்தி வரிசை ஓடத் தொடங்கியது. ஆண்டுக்கு 10 மெகாவாட்.

அதிர்ஷ்டம் ஜெர்மனியிலிருந்து வந்தது

வாங்க ஆள் வேண்டுமே? சீனாவில் அப்போது சோலாருக்குப் பெரிய சந்தை கிடையாது. சந்தையை உருவாக்கியது ஜெர்மனி. 2000-ல் அங்கே வந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டப்படி, வீட்டுக் கூரையில் தயாராகும் மின்சாரத்தை மின்கட்டமைப்பு நிறுவனங்கள் 20 வருடங்களுக்கு நிர்ணயித்த விலையில் வாங்கியே ஆகவேண்டும். 2004-ல் அந்தச் சட்டம் இன்னும் தாராளமாகத் திருத்தப்பட்டது. பேனல் போட்டால் லாபம் நிச்சயம் என்றானதும் ஜெர்மானியர்கள் கூரை கூரையாகப் பேனல் போட்டார்கள். ஐரோப்பியத் தொழிற்சாலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. வூஷியிலிருந்து கப்பல் கப்பலாகப் போனது.

2005 டிசம்பரில் சன்டெக் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனது. அங்கே பட்டியலான முதல் சீனத் தனியார் நிறுவனம் இதுதான். பங்கு ஒன்றுக்கு 15 டாலர் என்று விற்று, சுமார் 40 கோடி டாலர் திரட்டினார்கள். 2007 இறுதியில் பங்கு விலை 80 டாலரைத் தாண்டியது. தொடக்கத்தில் பணம் போட்ட அரசுசார் நிறுவனங்கள் பட்டியலாகும் முன்பே தங்கள் பங்கைப் பல மடங்கு விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியேறியிருந்தன.

ஷி உலகப் புகழ் பெற்றார். 'டைம்' பத்திரிகை 2007-ல் அவரைச் சுற்றுச்சூழல் நாயகர்களின் பட்டியலில் சேர்த்தது.

சிலிக்கான் பஞ்சம்

இனிதான் கதை திரும்புகிறது.

பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்து அதிகம் இருப்பது சிலிக்கான். ஆற்றுமணலிலேயே இருக்கிறது. அப்புறம் எப்படிப் பஞ்சம்? மணலில் இருக்கும் சிலிக்கான் வேறு, செல்லுக்கு வேண்டிய பாலிசிலிக்கான் வேறு. மணலை முதலில் உலையில் கரியோடு சேர்த்து உலோகத்தரச் சிலிக்கான் ஆக்குவார்கள். அதை ஹைட்ரஜன் குளோரைடோடு வினைபுரியவிட்டு டிரைகுளோரோசிலேன் என்ற திரவமாக்கி, காய்ச்சி வடித்து, பிறகு ஹைட்ரஜனோடு கலந்து சுமார் 1,100 டிகிரி வெப்பத்தில் இருக்கும் கம்பிகள்மேல் படிய வைப்பார்கள். சீமன்ஸ் முறை என்று பெயர். மின்சாரத்தை அப்படியே விழுங்கும். ஒரு புது ஆலை கட்டி ஓடவிட இரண்டு மூன்று வருடம் ஆகும்.

அதுவரை சோலார்காரர்கள், சிப் தயாரிக்கும் கம்பெனிகள் கழித்துப் போட்ட சிலிக்கானையும் மிஞ்சியதையும் வைத்தே காலம் தள்ளினார்கள். 2006 வாக்கில் சோலாருக்குப் போகும் சிலிக்கான், சிப்புக்குப் போவதையே எட்டிப்பிடித்துவிட்டது. சரக்கு போதவில்லை. 2000-களின் தொடக்கத்தில் கிலோ முப்பது டாலரைச் சுற்றி இருந்த விலை, 2008-ல் உடனடிச் சந்தையில் 400 டாலரைத் தாண்டியது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். அன்றைய தொழில்நுட்பத்தில் ஒரு வாட் பேனலுக்குச் சுமார் 10 கிராம் சிலிக்கான் என்று வைத்துக்கொள்ளுங்க. கிலோ 400 டாலர் என்றால், ஒரு வாட்டுக்கு சிலிக்கானுக்கு மட்டும் 4 டாலர். பேனலே வாட் 4 டாலர் அளவில்தான் விற்றது! உடனடிச் சந்தையை நம்பினால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

ஷி என்ன செய்தார்? இரண்டு காரியம்.

முதலாவது, நீண்டகால ஒப்பந்தம். 2006-ல் அமெரிக்காவின் எம்.இ.எம்.சி. நிறுவனத்தோடு பத்து வருடத்துக்கு சிலிக்கான் தகடு வாங்க ஒப்பந்தம் போட்டார். மொத்த மதிப்பு 500 முதல் 600 கோடி டாலர். முன்கூட்டியே விலை பேசி முடித்தாயிற்று. இனி சரக்குக்கு யார் வாசலிலும் நிற்க வேண்டாம்.

இரண்டாவது, பழைய காதல். மெல்படல சிலிக்கான்! ஷாங்காயில் அதற்கென்று ஒரு தொழிற்சாலை கட்டத் தொடங்கினார். சிலிக்கான் இவ்வளவு விலை விற்கும்போது, நூறில் ஒரு பங்கு சிலிக்கானில் முடியும் வேலை லாபம்தானே?

இரண்டு முடிவுக்கும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கை: சிலிக்கான் அரிது, இனியும் அரிதாகவே இருக்கும். சிட்னி ஆய்வகத்தில் பதிந்த அதே பாடம்.

விலை விழுந்தபோது

கிலோ 400 டாலருக்கு விற்கும் பொருளைப் பார்த்தால் உலகம் சும்மா இருக்குமா? சீனா, கொரியா, அமெரிக்கா, ஜெர்மனி என்று எல்லா இடத்திலும் பாலிசிலிக்கான் ஆலைகள் கிளம்பின. அவை உற்பத்திக்கு வந்த நேரம் பார்த்து 2008 இறுதியில் உலகப் பொருளாதார நெருக்கடி. வங்கிகள் கடன் கொடுப்பதை நிறுத்தின, பேனல் விற்பனை தடுமாறியது. சிலிக்கான் விலை 2009-லேயே 100 டாலருக்குக் கீழே போனது. 2012 இறுதியில் 20 டாலருக்கும் கீழே.

அதே கணக்கைத் திரும்பப் போடுங்க. கிலோ 20 டாலர், ஒரு வாட்டுக்கு 6 கிராம். சிலிக்கான் செலவு வாட்டுக்கு 12 சென்ட். 4 டாலர் இருந்த இடத்தில் 12 சென்ட்!

உலகத்துக்கு இது நல்ல செய்தி. ஆனால் விலை உச்சத்தை நோக்கி ஏறும்போது பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு? பக்கத்துக் கடைக்காரர் சல்லிசாக வாங்கும் சரக்கை நீங்கள் பழைய விலைக்கு வாங்கியாக வேண்டும். 2011-ல் சன்டெக் அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. வெளியேறுவதற்கு மட்டும் சுமார் 21 கோடி டாலர் நஷ்டம். ஷாங்காயின் மெல்படலத் தொழிற்சாலையை அதற்கு முந்தைய வருடமே மூடிவிட்டார்கள். தகடு சிலிக்கானே மலிவாகக் கிடைக்கும்போது, செயல்திறன் குறைந்த மெல்படலத்தை யார் வாங்குவார்கள்?

இத்தனைக்கும் நடுவே சன்டெக் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. 2011-ல் சுமார் 2,000 மெகாவாட் விற்று, உலகின் முதல் இடத்தில் நின்றது. ஆனால் அந்த வளர்ச்சி கடனில் வாங்கிய வளர்ச்சி. சீனாவில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் அதே வேலையில் இறங்கியிருந்தன. எல்லோருக்கும் வங்கிக் கடன், எல்லோருக்கும் உள்ளூர் அரசின் ஆதரவு. விற்க விற்க நஷ்டம். 2012-ல் அமெரிக்கா சீன பேனல்கள்மேல் கூடுதல் வரி போட்டது.

அதே வருடம் இன்னொரு இடி. இத்தாலியில் சோலார் நிலையங்கள் கட்டும் ஒரு நிதியத்தில் சன்டெக் பணம் போட்டிருந்தது. அந்த நிதியம் சீன வளர்ச்சி வங்கியில் வாங்கிய கடனுக்கு சன்டெக்தான் உத்தரவாதம். அந்த உத்தரவாதத்துக்கு ஈடாக 56 கோடி யூரோ மதிப்புள்ள ஜெர்மன் அரசுப் பத்திரங்கள் இருப்பதாகக் காட்டப்பட்டிருந்தது. 2012 ஜூலையில் சன்டெக்கே வெளியே வந்து சொன்னது: அந்தப் பத்திரங்கள் ஒருவேளை இல்லவே இல்லாமல் இருக்கலாம்.

யோசிச்சுப் பாருங்க. ஆய்வகத்தில் ஒரு சாம்பிளை 'இது 99.9999 சதவீதம் சுத்தம்' என்று யாராவது கொடுத்தால், அளந்து பார்க்காமல் எந்த இயற்பியலாளரும் நம்ப மாட்டார். 56 கோடி யூரோவை அந்த அளவுக்கு யாரும் அளந்து பார்க்கவில்லை.

2012 ஆகஸ்டில் ஷி தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டு இறங்கினார். 2013 மார்ச் தொடக்கத்தில் தலைவர் பதவியும் போனது. மார்ச் 15 அன்று, 2008-ல் வெளியிட்ட கடன் பத்திரங்களில் திருப்பித் தர வேண்டிய 54.1 கோடி டாலரை சன்டெக்கால் தர முடியவில்லை. அந்தப் பத்திரத்தைப் பங்காக மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைக்கு அதன் கவர்ச்சி. 80 டாலர் பங்கு ஒரு டாலருக்கும் கீழே கிடக்கும்போது யார் மாற்றிக்கொள்வார்கள்? எல்லோரும் ரொக்கத்தைக் கேட்டார்கள். அடுத்த சில நாட்களில் எட்டு சீன வங்கிகளின் மனுவின்பேரில் வூஷி சன்டெக்கின் திவால் நடவடிக்கை தொடங்கியது. கம்பெனியின் உற்பத்திப் பிரிவை இன்னொரு நிறுவனம் 300 கோடி யுவானுக்கு எடுத்துக்கொண்டது. தொழிற்சாலையும் பெயரும் பிழைத்தன, நிறுவியவர் மட்டும் அதில் இல்லை.

எது மாறிலி, எது மாறி?

'படித்தவனுக்கு வியாபாரம் வராது' என்று இந்தக் கதையை முடித்துவிடலாம். அது சரியில்லை. அவருடைய படிப்புதான் சன்டெக்கை உருவாக்கியது. 2001-ல் எந்தத் தொழில்நுட்பம் தயார், எது தயாரில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது என்று தெரிந்தது. ஆய்வகத்திலேயே பல வருடம் கிடந்தும் தன் ஆராய்ச்சியின் மேல் மயக்கம் இல்லாமல் இருந்தது பெரிய விஷயம்.

'தனி ஒருவரின் பேராசை' என்றும் முடித்துவிட முடியாது. அந்த வருடங்களில் நீண்டகால சிலிக்கான் ஒப்பந்தம் போட்டு மாட்டியவர்கள் பலர். ஜெர்மனியின் கியூ-செல்ஸ் ஒரு காலத்தில் உலகிலேயே பெரிய செல் தயாரிப்பாளர். அது சன்டெக்குக்கு ஒரு வருடம் முன்பே, 2012-ல் திவாலானது. ஷியோடு ஒப்பந்தம் போட்ட எம்.இ.எம்.சி. நிறுவனமே பிறகு சன்எடிசன் என்று பெயர் மாற்றிக்கொண்டு, கடன்மேல் கடன் வாங்கி, 2016-ல் திவாலானது. சரக்கை வாங்கியவரும் போனார், விற்றவரும் போனார்.

எனக்குப் படுவது இது. இயற்பியல் நமக்கு மாறிலிகளைப் பழக்கப்படுத்துகிறது. சிலிக்கானின் 1.12 எலக்ட்ரான் வோல்ட் 1963-லும் அதே, 2013-லும் அதே, நாளைக்கும் அதே. சிலிக்கான் ஒளியை மெதுவாகத்தான் உறிஞ்சும் என்பதும் மாறாது. ஆனால் 'சிலிக்கான் விலை அதிகம்' என்பது அந்த வரிசையில் வராது. அது பொருளின் குணம் இல்லை, அந்தந்தக் காலத்தில் எத்தனை ஆலை ஓடுகிறது என்பதைப் பொறுத்த விஷயம். விலை ஏறினால் ஆலை வரும், ஆலை வந்தால் விலை இறங்கும். ஏறிய விலையை மாறிலிபோல எடுத்துக்கொண்டு பத்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடும்போது, ஒரு மாறிக்கு மாறிலியின் இடத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

நம்ம புராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் இது நடக்கிறதுதான். 'இந்தக் கூறு விலை அதிகம், ஆகவே மாற்று வழி' என்று முதல் பக்கத்திலேயே எழுதுவோம். நாலு வருடத்தில் அந்தக் கூறு பத்தில் ஒரு பங்கு விலைக்கு வந்துவிட்டால் நம்ம 'ஆகவே' என்ன ஆகும்? லித்தியம் பேட்டரியை வைத்து இன்று புராஜெக்ட் செய்பவர்கள் இந்தக் கேள்வியைத் தனியாக ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எந்த எண் இயற்கை கொடுத்தது, எந்த எண் சந்தை கொடுத்தது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினாலே பாதி தெளிவு வந்துவிடும்.

யாருக்கு லாபம்?

சன்டெக்கின் பங்குதாரர்கள் இழந்தார்கள். வங்கிகள் இழந்தன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நிச்சயமின்மையில் தவித்தார்கள். இந்தக் கணக்கை மறைத்துவிட்டு 'தோல்வியும் பாடமே' என்று சொல்வது எளிது. தோற்றவர் மட்டும் தோற்பதில்லை, கூட நின்றவர்களும் சேர்ந்துதான் தோற்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2008-ல் வாட் 4 டாலர் அளவில் இருந்த பேனல், 2012-ல் ஒரு டாலருக்கும் கீழே வந்தது. கம்பெனிகளைக் கொன்ற அதே விலைச் சரிவுதான், சோலார் மின்சாரத்தைப் பணக்கார நாடுகளின் மானியப் பண்டமாக இருந்த நிலையிலிருந்து எல்லோருக்கும் கட்டுப்படியாகும் நிலைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அதற்குப் பின் பல வருடங்கள் பொருத்தப்பட்ட பேனல்களில் பெரும்பங்கு சீனாவிலிருந்து இறக்குமதியானவை. உங்கள் மொட்டைமாடிப் பேனலுக்கும் அந்தச் சரிவில் ஒரு பங்கு இருக்கலாம்.

கிரீனின் ஆய்வகம் இன்னொரு வழியிலும் ஜெயித்தது. 1980-களில் அங்கே உருவான 'பெர்க்' என்ற செல் வடிவமைப்பில், செல்லின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய காப்புப் படலம் இருக்கும். அது எலக்ட்ரான்கள் வீணாவதைத் தடுத்து, தப்பிப்போகும் ஒளியையும் உள்ளே திருப்பி அனுப்பும். பல வருடம் ஆய்வகப் பொருளாகவே இருந்த இது, 2010-களின் இறுதியில் உலகத் தொழிற்சாலைகளின் சாதாரண முறையாகிவிட்டது. அதற்காக 2023-ல் மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், வாங் ஐஹுவா, ஜாவோ ஜியான்ஹுவா நால்வருக்கும் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. ஷியைப் போலவே அந்த ஆய்வகத்திலிருந்து சீனத் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் இன்னும் பலர். ஒரு ஆய்வகத்தின் மாணவர்கள் சேர்ந்து ஒரு தொழிலையே உருவாக்கியிருக்கிறார்கள்.

மறுபடியும் பொருளுக்கே

ஷி இப்போ என்ன செய்கிறார்? சன்டெக்குக்குப் பிறகு சன்மேன் என்று ஒரு புது நிறுவனம் தொடங்கினார். இந்தத் தடவை அவர் கை வைத்தது சிலிக்கானில் இல்லை, கண்ணாடியில்.

சாதாரண பேனலின் எடையில் பெரும்பகுதி முன்பக்கக் கண்ணாடிதான். ஒரு பேனல் இருபது கிலோ அளவில் இருக்கும். பழைய தொழிற்சாலைக் கூரைகள், தகரக் கொட்டகைகள் பலவற்றால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. சன்மேன், கண்ணாடிக்குப் பதிலாக இழை சேர்த்த பாலிமர் கலவையைப் பயன்படுத்துகிறது. எடை மிகவும் குறைகிறது, பேனல் வளையவும் செய்கிறது. கூரையில் அப்படியே ஒட்டிவிடலாம். செல் என்னவோ பழைய படிகச் சிலிக்கான்தான். அது மலிவாகவே கிடைக்கும் என்ற நம்பிக்கையில்.

கவனிச்சீங்களா? இந்தத் தடவை எடுத்துக்கொண்ட பிரச்சினை எடை. கண்ணாடியின் அடர்த்தி எந்தச் சந்தையிலும் ஏறி இறங்காது.

இந்த முயற்சி எவ்வளவு தூரம் போகும் என்று காலம்தான் சொல்ல வேண்டும். ஐம்பது வயதில், உலகமே பார்க்கத் தன் கம்பெனி திவாலானதைக் கண்ட ஒருவர், மறுபடியும் ஒரு மெட்டீரியல் கேள்வியிலிருந்து தொடங்கியிருக்கிறார். அடுத்த முறை மெட்டீரியல் சயன்ஸ் வகுப்பில் 'பேண்ட் கேப்' வரும்போது, பரீட்சைக்கு இது வருமா என்று மட்டும் கேட்காதீங்க. இதில் எது மாறாது, எது மாறும் என்றும் சேர்த்துக் கேளுங்க.